இட்டேரி முதல் பழனி வரை

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கச் செயலாளர் போன வாரம் போனில் கூப்பிட்டார். "ஏனுங்க, முப்பது வருசம் பேங்க்ல இருந்தீங்க. பசங்களுக்குச் சேமிப்பைப் பத்தி நாலு வார்த்தை பேசோணுங்க" என்றார். "சேமிப்பைப் பத்திப் பேச நெறையப் பேரு இருக்காங்க. நான் நடக்கறதப் பத்திப் பேசட்டுங்களா?" என்றேன். மனுஷன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நடக்கறதுல பேசறதுக்கு என்னங்க இருக்குது? ஒரு காலுக்கு முன்னால இன்னொரு காலை வெக்கறதுதானுங்களே?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்தக் காலை வைப்பதற்கு ஓர் இடம் வேண்டுமல்லவா? அந்த இடத்தைப் பற்றித்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் பேச வந்திருக்கிறேன். நம் கொங்கு நாட்டில் அதற்குத் 'தடம்' என்று பெயர். நடந்த காலின் அடையாளத்துக்கும் தடம் என்றுதான் பெயர். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் விவரமானவர்கள்.

முதலில் பெரிய நடையைச் சொல்லிவிடுகிறேன். கருமத்தம்பட்டிச் சுற்று வட்டாரத்தில் பிறந்தவர்களுக்குப் பழனிப் பாதயாத்திரையைப் பற்றி விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சோமனூர், பல்லடம், உடுமலை, மடத்துக்குளம் வழியாகப் போனால் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். மார்கழியில் மாலை போட்டு, தைப்பூசத்துக்கு நாலு நாள் முன்னால் கிளம்புவோம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து நடக்கத் தொடங்கினால், வெயில் ஏறும்போது ஒரு மரத்தடியிலோ மண்டபத்திலோ படுத்துவிடுவோம். வெயில் தாழ்ந்ததும் மறுபடி நடை. ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் வரை. வேகமாக நடப்பவனுக்கு அங்கே மரியாதை கிடையாது. கூட்டத்திலேயே மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய நடைதான் எல்லோருக்கும் நடை.

முதல் நாள் உற்சாகம். இரண்டாம் நாள் குதிகாலில் கொப்புளம். மூன்றாம் நாள் காலையில் எழுந்திருக்கும்போது, "எவன்டா இந்த யோசனையைச் சொன்னவன்?" என்று தோன்றும். உடுமலை தாண்டியதும் வலது கைப் பக்கம் மலைத்தொடர் கூடவே வரத் தொடங்கும். மடத்துக்குளத்தில் அமராவதித் தண்ணீரில் காலை நனைத்தால் பாதி வலி போய்விடும். சண்முக நதியில் குளித்துவிட்டுப் பழனி மலையடிவாரத்தில் நிற்கும்போது, எழுநூறுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் படிகளைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. நூறு கிலோமீட்டர் நடந்தவனுக்குப் படி ஒரு கணக்கா?

பக்தி உள்ளவர்களுக்கு அதன் பலன் தெரியும். பக்தி இல்லாதவர்களும் எங்களோடு வந்திருக்கிறார்கள். அவர்களும் அடுத்த வருடம் மறுபடி வந்தார்கள். ஏன் என்றால், நடக்கும்போதுதான் நம் ஊர் நமக்குத் தெரிகிறது. பஸ்ஸில் போனால் பல்லடத்துக்கும் உடுமலைக்கும் நடுவில் ஒரு தூக்கம்தான். நடந்து போனால், கரிசல் எங்கே தொடங்குகிறது, செம்மண் எங்கே முடிகிறது, எந்த ஊரில் தென்னை காய்ந்து கிடக்கிறது, எந்த ஊர்க் கிணற்றில் தண்ணீர் மேலே இருக்கிறது என்று காலும் கண்ணும் சேர்ந்து படித்துக்கொண்டே போகும். வழியில் பெயர் தெரியாத வீட்டுத் திண்ணையில் மோர் கொடுக்கிறார்கள், சுக்குக் காபி கொடுக்கிறார்கள். மில் முதலாளியும் தறிக்காரரும் ஒரே பாயில் படுத்துத் தூங்குகிறார்கள். விடிந்ததும் மறுபடி முதலாளி முதலாளிதான், தறிக்காரர் தறிக்காரர்தான். ஆனாலும் அந்த நாலு ராத்திரி நிஜம்.

இது நம் வட்டாரத்துக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிட வேண்டாம். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடிக் காவிரியில் தீர்த்தம் எடுத்துக்கொண்டு பழனிக்கு நடப்பவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. எடப்பாடியில் இருந்து காவடி எடுத்து வருகிறவர்களுக்குப் பழனி மலைமேல் இரவு தங்கும் உரிமையே உண்டு. செட்டிநாட்டில் இருந்து நகரத்தார் காவடி குன்றக்குடி வழியாக நடந்து வருகிறது. நம் கருமத்தம்பட்டி செபமாலை அன்னை ஆலயத்தின் அக்டோபர் திருவிழாவுக்கும் நடந்து வருகிற குடும்பங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பூண்டியில் இருந்து வெள்ளியங்கிரியின் ஏழு மலையைக் கைத்தடியோடு ஏறுகிற கூட்டமும் நம் மாவட்டத்துக் கூட்டம்தான். நடை என்பது நம் மக்களுக்குப் புதிதாக யாரும் கற்றுத்தர வேண்டிய விஷயம் அல்ல.

இன்னும் பின்னால் போவோம். கோவைக்கு மேற்கே, மதுக்கரைப் பக்கத்து மலையடிவாரத்தில் ஒரு பாறைக் கல்வெட்டு இருக்கிறது. வட்டெழுத்திலும் தமிழ் எழுத்திலும் பொறித்தது. அந்த வழியின் பெயரை அது சொல்கிறது: இராசகேசரிப் பெருவழி. ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட சோழர் காலத்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரையையும் கொங்கையும் இணைத்த பாதை அது. அதற்கும் முன்னாலேயே இதே கணவாய் வழியாக வணிகக் கூட்டம் வந்து போயிருக்கிறது. வெள்ளலூரில் 1842-ஆம் ஆண்டு ரோமானிய வெள்ளிக் காசுப் புதையல் கிடைத்தது. நொய்யல் கரையில் கொடுமணலில் 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலையும், கல்மணி செய்த பட்டறையும், பெயர் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான் என்பது ஆய்வாளர் கருத்து. அந்தப் பொருளெல்லாம் நடந்தும், வண்டியிலும், பொதி மாட்டின் மேலும் நம் ஊர்ப் பக்கமாகத்தான் போயிருக்கும். வெள்ளியங்கிரியில் பிறந்து 160 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் காவிரியில் சேரும் நொய்யலின் கரைதான் அவர்களுக்கு வழிகாட்டி. அந்த நொய்யல் நம் கருமத்தம்பட்டிக்குத் தெற்கே, சோமனூரைத் தாண்டினால் வந்துவிடுகிறது.

தருமபுரிப் பக்கம் அதியமான் பெருவழியில் ஒரு மைல்கல் கிடைத்தது. எனக்கு மிகவும் பிடித்த கல் அது. நாவல்தாவளத்துக்கு 29 காதம் என்று எழுத்தில் பொறித்ததோடு விட்டுவிடவில்லை. கீழே இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் வெட்டியிருக்கிறார்கள். பெரிய குழி ஒன்று பத்து, சிறிய குழி ஒன்று ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாதவன் எண்ணிக்கொள்ளலாம். கண் தெரியாதவன் தடவித் தெரிந்துகொள்ளலாம். பாதை போட்டவன் மனதில் யார் இருந்தார்கள் என்று அந்தக் குழிகள் சொல்கின்றன. நடந்து வருகிறவன் இருந்தான்.

இப்போது நம் நெடுஞ்சாலைக்கு வருவோம். நாம் படிக்கும்போது 47-ஆம் எண் நெடுஞ்சாலை, இன்றைக்கு 544. செங்கப்பள்ளியில் இருந்து நீலாம்பூர் வரை ஆறு வழிச் சாலை. கோவைக்குப் போக முன்பு ஆகிற நேரத்தில் பாதிதான் ஆகிறது. வளர்ச்சியைக் குறை சொல்ல நான் வரவில்லை. என் பேரனுக்குக் காய்ச்சல் என்றால் நானும் அந்தச் சாலையில்தான் ஓடுவேன். ஆனால் அந்தச் சாலையைப் போட்டபோது நடப்பவன் மனதில் இருந்தானா என்று மட்டும் கேட்கிறேன். எதிர்ப்பக்கத் தோட்டத்துக்குப் போக வேண்டிய ஆத்தா பாலத்துக்கு அடியில் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பாதயாத்திரைக்காரர்கள் இருட்டில் மினுங்கும் ஸ்டிக்கரை முதுகில் ஒட்டிக்கொண்டு நடக்கிறார்கள். ஒவ்வொரு தை மாதமும் எங்காவது ஒரு சாலையில் நடந்து போனவர்கள் மேல் வண்டி ஏறிய செய்தியைப் பேப்பரில் படிக்கிறோம். வேண்டுதலுக்குப் போனவன் வீடு திரும்பவில்லை என்றால் அந்த வீட்டு வாசலில் போய் என்ன சொல்வது?

"பெரிய ரோடு வண்டிக்குத்தானுங்க, நடக்கறவன் வேற வழியில போகட்டும்" என்று சொல்லலாம். நியாயம்தான். அந்த வேறு வழி நம்மிடம் இருந்தது. அதன் பெயர்தான் இட்டேரி.

மாணவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் சொல் தெரியும்? கை தூக்குங்கள், பார்க்கலாம். ... பரவாயில்லை, பாதிக்கு மேல் இருக்கிறது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு தோட்டத்து வேலிக்கு நடுவில் போகும் மண் பாதைதான் இட்டேரி. ஒரு மாட்டு வண்டி போகிற அகலம். இரண்டு பக்கமும் கிளுவை, கள்ளி, சங்கஞ்செடி, ஆவாரை, நொச்சி. அதன்மேல் பிரண்டையும் கோவைக்கொடியும் குன்றிமணியும் பின்னிக் கிடக்கும். நடுநடுவே வேப்ப மரம், வெள்வேல மரம். ஊரில் இருந்து தோட்டத்துக்கு, தோட்டத்தில் இருந்து கோயிலுக்கு, ஓர் ஊரில் இருந்து அடுத்த ஊருக்கு, இப்படியே இட்டேரி பிடித்துக்கொண்டு போனால் தார் ரோட்டை மிதிக்காமலேயே சந்தைக்குப் போய்விட்டு வரலாம். எங்கள் அப்பாரு அப்படித்தான் போனார்.

வேலிக்குள் ஓர் உலகமே இருந்தது. கௌதாரி, செம்போத்து, கீரி, ஓணான், பச்சோந்தி, நம் வறண்ட காட்டுக்கே உரிய முள்ளெலி. சளி பிடித்தால் தூதுவளையும் முசுமுசுக்கையும் பறிக்க மருந்துக் கடைக்கா போனோம்? வேலிக்குத்தான் போனோம். வயலில் புழு பூச்சி அதிகமானால் தின்பதற்கு ஆள் வேலியிலேயே குடியிருந்தது. மழைத் தண்ணீர் வேலியடியில் நின்று நிலத்துக்குள் இறங்கியது. நடக்கிறவன் தலைக்கு நிழல் கிடைத்தது. இத்தனையும் சேர்ந்ததுதான் ஒரு பாதை.

அது எப்படிப் போனது? யாரும் சதி செய்யவில்லை. உயிர்வேலியை வருடா வருடம் கழித்துவிட ஆள் வேண்டும், கூலி ஏறிவிட்டது. கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டினால் ஒரே தடவை செலவு. மாட்டு வண்டி போய் டிராக்டர் வந்தது, பாதையை அகலப்படுத்த ஒரு பக்க வேலியை எடுத்தார்கள். தோட்டம் சைட் ஆனது. வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் வந்தது, நடப்பது நின்றது. நடப்பது நின்ற இட்டேரியில் சீமைக்கருவேலம் முளைத்தது. முள் மண்டிய பாதையைப் பக்கத்துத் தோட்டத்தோடு சேர்த்து உழுதால் கேட்பதற்கு யாரும் இல்லை. காலடி படாத தடம் பத்து வருடத்தில் காடு, இருபது வருடத்தில் பட்டா நிலம். இதுதான் நடந்தது.

வங்கியில் கடன் பிரிவில் இருந்ததால் ஆயிரக்கணக்கான கிரயப் பத்திரங்களைப் படித்திருக்கிறேன். நம் பக்கத்துப் பழைய பத்திரங்களில் நான்கு எல்லையைச் சொல்லி முடித்ததும் ஒரு வாசகம் வரும்: மாமூல் தட வழி நடை பாத்தியம் சகிதம். அதாவது, நிலத்தோடு நடக்கிற உரிமையும் சேர்த்துத்தான் கைமாறுகிறது. நடக்க வழியில்லாத நிலம் நிலமே இல்லை என்பது நம் பெரியவர்கள் கணக்கு. 1882-ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டமும் இருபது ஆண்டுகள் வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையோடு நடந்த வழிக்குப் பாத்தியம் கொடுக்கிறது. கவனியுங்கள், சட்டமே காலடியைத்தான் சாட்சியாகக் கேட்கிறது.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரில் இருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும் இட்டேரி ஒன்று. பாதிப் பேர் பைக்கில் போகத் தொடங்கிவிட்டார்கள். பக்கத்துத் தோட்டத்தை வாங்கிய ஒருவர் கல்லுக்கால் நட்டு அடைத்துவிட்டார். பைக் இருந்தவர்களுக்கு அது தெரியவே இல்லை. பால் சொசைட்டிக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு போகிற ஓர் ஆத்தாவும், சின்னப் பிள்ளைகளும்தான் பெரிய ரோட்டுக்கு மாறினார்கள். ஒரு நாள் அந்த ஆத்தா என்னிடம் கேட்டார்: "ஏங் கண்ணு, நீதான் பேங்க்ல பத்தரம் எல்லாம் படிப்பியே. அந்தத் தடம் ஆருதுன்னு அதுல எழுதியிருக்காதா?"

கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் வாங்கிப் பார்த்தோம். வண்டிப்பாதை என்று தெளிவாகக் கோடு போட்டிருந்தது. ஊர்க்கூட்டம் போட்டு, வாங்கியவரையும் உட்கார வைத்துப் பேசினோம். அவர் கெட்டவர் இல்லை. "இங்க ஆரும் நடந்து நான் பாக்கலீங்களே" என்றார். சர்வேயர் வந்து அளந்தார், கல்லுக்கால் நகர்ந்தது, பாதை திரும்பி வந்தது. ஆனால் வேலி வரவில்லை. இன்றைக்கு அது இரண்டு பக்கமும் கம்பி போட்ட வெட்டவெளிப் பாதை. ஆத்தா முக்காட்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் நடக்கிறார். வரைபடத்தில் இல்லாத இன்னொரு இட்டேரி எங்கள் ஊரிலேயே போய்விட்டது, அது திரும்பவில்லை. அதனால்தான் "இங்க ஆரும் நடந்து நான் பாக்கலீங்களே" என்ற அந்த ஒரு வாக்கியத்தை உங்கள் முன்னால் வைக்கிறேன். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நம் கால்கள்தான்.

வெளிநாட்டுக்காரனைப் பார்த்து எல்லாவற்றையும் கற்க வேண்டும் என்பதில்லை. ஆனால் இங்கிலாந்து கதை ஒன்று இங்கே பொருந்தும். 1932-இல் மான்செஸ்டர் பக்கத்து மில் தொழிலாளர்கள், இளைஞர்கள் சில நூறு பேர், நம் சோமனூர்த் தறிக்காரர்கள் மாதிரி ஆட்கள், பிரபுக்களின் வேட்டைக்காடாக அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டின்மேல் கூட்டமாக ஏறி நடந்தார்கள். ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். 1949-இல் ஒரு சட்டம் வந்தது. ஊர் ஊராகப் பொது நடைபாதைகளை அளந்து வரைபடத்தில் ஏற்ற வேண்டும் என்றது. 1965-இல் பென்னைன் வே என்ற 268 மைல் நடைபாதையைத் திறந்தார்கள். ஆட்டுப் பட்டிக்கு நடுவிலும், பண்ணை வீட்டு வாசலை ஒட்டியும் அது போகிறது. நிலம் பண்ணைக்காரருடையது, அதன்மேல் நடக்கும் உரிமை ஊராருடையது. முழுத் தூரம் நடப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஞாயிற்றுக்கிழமை அதில் ஒரு துண்டை நடந்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களே அதிகம். பாதையை உயிரோடு வைத்திருப்பது அவர்கள்தான்.

நாமும் துண்டு துண்டாகத் தொடங்கலாம். எனக்குத் தெரிந்த மூன்று நடைகளைச் சொல்கிறேன்.

ஒன்று, சாமளாபுரம் குளக்கரை. விடியற்காலை கருமத்தம்பட்டியில் கிளம்பி, சோமனூர் வழியாகப் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் குளக்கரையில் நிற்கலாம். தறிச் சத்தம் தேய்ந்து, கொக்கும் நீர்க்காகமும் கண்ணில் படும் இடம் அது. குளம் நொய்யல் தண்ணீர் குடித்து வளர்ந்தது. சாயத் தண்ணீரால் நொய்யல் பட்ட பாட்டையும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் பாடத்தில் படிப்பதைவிட, கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துப் படிப்பது நல்லது.

இரண்டு, அவினாசி. பெரிய ரோட்டை விட்டுவிட்டு உள் ஊர்கள் வழியாக நடங்கள். அரை நாள் நடை. முதலையுண்ட பிள்ளையைச் சுந்தரர் மீட்ட கதையைக் கோயிலில் கேட்டுவிட்டு, தெம்பு இருந்தால் இன்னும் ஐந்து கிலோமீட்டர் திருமுருகன்பூண்டிக்கும் போகலாம். திரும்பி வர பஸ் இருக்கிறது, வெட்கப்பட வேண்டாம்.

மூன்றாவதுதான் முக்கியம். அவரவர் ஊர் இட்டேரி. அரை மணி நேரம் போதும். வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கையோடு கூட்டிப் போங்கள். "இது என்ன செடிங்க அப்பத்தா? இந்தத் தடம் எங்க போகுது?" என்று கேளுங்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு அந்தப் பதிலைச் சொல்ல ஆள் இருக்காது.

பெரிய நடைக்கு வருகிறவர்களுக்கு நாலு யோசனை. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே தினமும் ஐந்து கிலோமீட்டராவது நடந்து பழகுங்கள். புதுச் செருப்போடு கிளம்பாதீர்கள். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடியுங்கள். சாலையில் எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி வலது ஓரமாகவே நடங்கள்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வருடா வருடம் பரிசும் கேடயமும் கொடுக்கிறோம், சந்தோசம். அதோடு, நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் தங்கள் தங்கள் ஊர் வரைபடத்தை எடுத்து, எந்த வண்டிப்பாதை இன்றும் இருக்கிறது, எது மூடிக் கிடக்கிறது என்று நடந்து பார்த்துக் குறித்துத் தரட்டும். புலப்படம் இப்போது இணையத்திலேயே கிடைக்கிறது, மாணவர்களுக்கு அது ஐந்து நிமிட வேலை. முள் வெட்டுகிற செலவை எங்கள் செட் ஏற்றுக்கொள்கிறது. நட வேண்டிய கிளுவைப் போத்துக்கு எங்கள் தோட்டத்து வேலி இருக்கிறது, வேண்டிய மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். மழைக்கு முன்னால் நட்டால் போதும், தானாகத் துளிர்க்கும். மாதத்தில் முதல் ஞாயிறு காலை ஆறு மணி, கல்லூரி வாசல். யார் வந்தாலும் வராவிட்டாலும் நான் வந்து நிற்பேன்.

சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. இவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்ட உங்கள் கால்களுக்கு நன்றி. நாளைக்கு அவற்றுக்குக் கொஞ்சம் வேலை கொடுங்கள்.